அயல்நகரில் சிக்கனமாக வாழ்ந்து பார்க்க: பேக்பேக்கருக்கான முழுமையான வழிகாட்டி

முதுகில் ஒரு பையுடன் வெளிநாட்டு நகரம் ஒன்றில் போய் இறங்கி, கையில் இருக்கும் பணத்தைக் கொண்டு முடிந்தவரை அதிக நாட்கள் அங்கே வாழ்ந்து பார்க்க விரும்புபவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சுற்றும் முறையை நான் பரிந்துரைக்கப் போவதில்லை. பல பயணங்களில் நாள்தோறும் கணக்கெழுதி வந்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: ஓர் ஊரில் இருப்பதால் கரையும் பணத்தைவிட, ஊர்விட்டு ஊர் மாறுவதால் கரையும் பணமே அதிகம்.

பதினைந்து நாட்களில் ஐந்து நகரங்களைப் பார்ப்பவர் நான்கு முறை இடம் மாறுகிறார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பயணச்சீட்டு, நிலையத்துக்குப் போகவும் வரவும் ஆகும் செலவு, வழியில் கிடைத்த விலைக்கு வாங்கிச் சாப்பிடும் சாப்பாடு, பையை வைக்க இடமின்றி வீணாகும் அரை நாள் என்று எல்லாம் சேர்கின்றன. அதோடு புது ஊரின் முதல் நாள்தான் எப்போதும் விலை கூடிய நாள். எந்தக் கடையில் என்ன விலை, எந்தச் சீட்டு லாபம், எந்தப் பேருந்து எங்கே போகும் என்று எதுவும் தெரியாத நாள் அது. அதே பதினைந்து நாட்களை இரண்டு நகரங்களில் கழிப்பவருக்கு இப்படிப்பட்ட முதல் நாட்கள் இரண்டே வருகின்றன. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தக் கணக்கை அடிப்படையாகக் கொண்டதே.

படி 1: ஊரையும் காலத்தையும் முடிவு செய்தல்

விமானச்சீட்டின் விலையைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பதுதான் பலரின் வழக்கம். சீட்டு ஒரு முறை செலவு, ஊரின் விலைவாசியோ ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்ப வரும் செலவு. எனவே, மூன்று வாரங்கள் தங்கப் போகிறவர் சீட்டு சற்றுக் கூடுதலாக இருந்தாலும் படுக்கையும் சாப்பாடும் மலிவாக உள்ள நகரத்துக்குப் போவதே நல்லது. ஐந்து நாட்களே கையில் இருந்தால் கணக்கு தலைகீழாக மாறிவிடும்.

உச்சப் பருவத்துக்கு முன்னும் பின்னும் வரும் சில வாரங்கள் பேக்பேக்கருக்கு ஏற்ற காலம். அந்த வாரங்களில் படுக்கை விலை இறங்கியிருக்கும், வானிலையும் பெரும்பாலும் கைவிடாது. தேதியை முடிவு செய்யும் முன் அந்த நகரத்தில் திருவிழா, பெரிய விளையாட்டுப் போட்டி, நீண்ட வார இறுதி எதுவும் குறுக்கிடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்படிப்பட்ட நாட்களில் ஹாஸ்டல் (பலர் ஒரே அறையில் ஆளுக்கொரு படுக்கை எடுத்துத் தங்கும் பயணியர் விடுதி) படுக்கையின் விலை சாதாரண அறை வாடகையைத் தொட்டுவிடும்.

அடுத்தது ஆவணங்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. ஐரோப்பாவில் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய 29 நாடுகள் சேர்ந்த ஷெங்கன் பகுதியில் விதி வேறு: அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதங்கள் செல்லுபடியாக வேண்டும், பாஸ்போர்ட் வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. ஷெங்கன் குறுகியகால விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாட்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடும் அதற்கு வேண்டும்.

இந்த 29 நாடுகளிலும் சேர்த்து, எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது. இங்கேதான் நீண்ட பயணக்காரர்கள் கணக்கில் தவறுகிறார்கள். 180 நாள் என்பது முதல் நுழைவிலிருந்து எண்ணும் காலக்கெடு அன்று. நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும் நகரும் சாளரம். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாட்களாகவே சேரும். 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் எடுத்து நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியும் முறை அங்கே தொடங்கியிருப்பதால், முத்திரை மங்கிவிட்டது என்ற சாக்குக்கு இனி இடமில்லை.

ஹாஸ்டலில் சில மணி நேரம் வேலை செய்து இலவசப் படுக்கை பெறும் ஏற்பாடு பலரை ஈர்க்கிறது. சம்பளம் இல்லாவிட்டாலும் படுக்கைக்கு ஈடாகச் செய்வதைப் பல நாடுகள் வேலையாகவே கருதுகின்றன, சுற்றுலா விசா அதை அனுமதிப்பதில்லை. அந்த நாட்டின் விதியைத் தூதரகத்தின் தளத்திலேயே படித்து உறுதி செய்யாமல் இதில் இறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். திருப்பி அனுப்பப்பட்டால் அந்தப் பதிவு அடுத்த விசாக்களையும் துரத்தும்.

படி 2: நாள் செலவை வகுத்தல்

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். மொத்தக் கையிருப்பை நாட்களால் வகுத்து, அதையே நாள் செலவு என்று வைத்துக்கொள்வது தவறான கணக்கு. முதலில் விமானச்சீட்டு, விசா, காப்பீடு, வாங்க வேண்டிய பொருட்கள் ஆகியவற்றைக் கழித்துவிடுங்கள். பிறகு, திடீரென ஊர் திரும்ப நேர்ந்தால் ஒருவழிச் சீட்டு வாங்கப் போதுமான தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, அது இல்லவே இல்லை என்று மறந்துவிடுங்கள். கையிருப்பு 100 பங்கு என்றால், முன்செலவு 40, ஒதுக்கீடு 15 போக மீதி 45 பங்கு. 21 நாட்களுக்கு அது நாளொன்றுக்கு இரண்டு பங்கும் சொச்சமும் ஆகும். அந்தச் சொச்சத்தைத் தொடாமல் சேர்த்தால் ஒரு வாரத்தின் முடிவில் ஒரு பெரிய நுழைவுச்சீட்டுக்கோ பக்கத்து ஊர்ப் பயணத்துக்கோ அது கைகொடுக்கும்.

இந்த இரண்டு பங்கில் ஏறக்குறைய பாதி படுக்கைக்குப் போய்விடும். அதனால் நான் எல்லாச் செலவையும் படுக்கையைக் கொண்டே அளக்கிறேன். உயரமான கோபுரத்தின் மேல்தளத்துக்குப் போக ஒரு சீட்டு. அதன் விலை ஒன்றரை இரவின் படுக்கை. இதைக் கொடுத்துப் பார்ப்பது எனக்கு ஒன்றரை நாளுக்கு ஈடாகுமா என்று கேட்டுக்கொண்டால் பதில் உடனே கிடைத்துவிடும். சில நேரம் ஈடாகும் என்றே பதில் வரும், அப்போது தயங்காமல் செலவு செய்கிறேன். ஒவ்வொன்றையும் சொந்த நாட்டுப் பணத்துக்கு மாற்றிப் பார்த்து வருந்துவதைவிட இந்த அளவுகோல் நேர்மையானது.

கணக்கை அன்றன்றே எழுதுங்கள். சரி பார்ப்பதை மட்டும் வாரத்துக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரு நாள் கூடுவதும் மறுநாள் குறைவதும் இயல்பு.

படி 3: படுக்கையைத் தேர்ந்தெடுத்தல்

ஹாஸ்டல் என்ற ஏற்பாடே மாணவர்களை வெளியே கூட்டிச் சென்ற ஓர் ஆசிரியரிடமிருந்து பிறந்தது. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் 1909-இல் மாணவர்களுடன் நடைப்பயணம் போனபோது கடும் மழையில் சிக்கி, ஒரு பள்ளிக் கட்டடத்தில் இரவைக் கழிக்க நேர்ந்தது. நடந்து போகும் இளைஞர்களுக்கு ஆங்காங்கே எளிய தங்குமிடம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த இரவில் அவருக்குத் தோன்றியது. 1912-இல் ஆல்ட்டெனா கோட்டையில் முதல் நிலையான இளைஞர் விடுதி திறக்கப்பட்டது. பொது அறை, பொதுச் சமையலறை, அடுக்குக் கட்டில் என்ற அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை.

விலையை வைத்து வரிசைப்படுத்தி முதலில் வருவதை எடுக்காதீர்கள். நான் பார்ப்பவை மூன்று. முதலாவது, சமையலறை உண்மையிலேயே இருக்கிறதா என்பது. ஒரு நுண்ணலை அடுப்பும் ஒரு கெண்டியும் மட்டும் வைத்துவிட்டு அதைச் சமையலறை என்று எழுதும் இடங்கள் உண்டு. படங்களில் அடுப்பும் பாத்திரமும் தெரிகின்றனவா என்று தேடுங்கள். இரண்டாவது, கடைசி மெட்ரோவோ இரவுப் பேருந்தோ அந்தத் தெருவுக்கு வருகிறதா என்பது. நகர மையத்திலிருந்து நான்கைந்து நிறுத்தங்கள் தள்ளி, ஒரே வண்டியில் வந்து சேரும் இடம் பெரும்பாலும் மையத்தைவிட மலிவாகவும் அமைதியாகவும் இருக்கும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு மேல் டாக்ஸியைத் தவிர வேறு வழியில்லாத இடமாக இருந்தால், மிச்சம் பிடித்தது இரண்டே இரவில் போய்விடும். மூன்றாவது, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் எழுதப்பட்ட மோசமான விமர்சனங்கள். சத்தம் அதிகம் என்று ஒருவர் எழுதியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம். மூட்டைப்பூச்சி, லாக்கர் உடைப்பு, வெந்நீர் இல்லை என்று இருவர் எழுதியிருந்தால் அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள்.

பதிவு செய்யும்போது வரவேற்பு மேசை எத்தனை மணி வரை திறந்திருக்கும், வயது வரம்பு உண்டா, பகலில் அறையைப் பூட்டுவார்களா, பெண்களுக்குத் தனி டார்ம் (பலர் சேர்ந்து உறங்கும் அறை) இருக்கிறதா, நகர வரி விலையில் சேர்ந்ததா என்று பாருங்கள். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் இந்த வரியைப் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகக் கட்ட வேண்டியிருக்கும்.

முதலில் மூன்று இரவுகளுக்கு மட்டும் பதிவு செய்வது என் வழக்கம். இடம் பிடித்தால் அங்கேயே நீட்டித்துக்கொள்ளலாம், ஒரு வாரத்துக்கு மேல் தங்குபவர்களுக்கு நேரில் கேட்டால் விலையைக் குறைத்துத் தரும் இடங்களும் உண்டு. நெரிசல் மிகுந்த நாட்களில் மட்டும் இந்த உத்தியை நம்ப வேண்டாம், முழுவதையும் முன்பே பதிந்துவிடுங்கள்.

படி 4: பையைக் கட்டுதல்

சுமார் 40 லிட்டர் பை ஒன்று போதும். குறைந்த கட்டண விமானங்கள் பலவற்றில் கைப்பைக்கு 7 கிலோ வரம்பு இருப்பதால், வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள். விமான நிலையத்தில் கூடுதல் எடைக்குக் கொடுக்கும் பணம் சில நேரம் சீட்டின் விலையையே எட்டிவிடும். ஐந்து நாட்களுக்கான உடை, சிறிய பூட்டு, எளிதில் உலரும் துண்டு, குளியலறைச் செருப்பு, காதடைப்பான், கண்மறைப்பு, துணி உலர்த்தும் கயிறு, மூடியுள்ள ஒரு டப்பா, தண்ணீர்ப் புட்டி. இவற்றுக்கு மேல் சேர்ப்பது ஒவ்வொன்றும் தோளில்தான் ஏறும்.

பவர் பேங்கை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. மேலே 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால், 20 ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்க 74 வாட்-மணி வரும், எனவே கவலையில்லை. அடாப்டர் என்பது முள்ளின் வடிவத்தை மட்டுமே மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. போன் சார்ஜரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதால் அது எங்கும் வேலை செய்யும். முடி உலர்த்தும் கருவி, தண்ணீர் காய்ச்சும் கம்பி போன்றவற்றை அடாப்டரை நம்பி மாட்டினால் கருகிவிடக்கூடும்.

படி 5: போய் இறங்கும் நாள்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழிக்கு மலிவு விமான நிலையங்களைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பாரிஸ் என்று விற்கப்படும் சீட்டு இறக்கிவிடும் போவே நிலையம் நகரத்திலிருந்து சுமார் 80 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஸ்டாக்ஹோமின் ஸ்காவ்ஸ்டா நிலையமோ சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ளது. அங்கிருந்து நகரத்துக்குப் போகும் பேருந்துக் கட்டணத்தையும் நேரத்தையும் சேர்த்த பிறகே சீட்டின் உண்மையான விலையை ஒப்பிட வேண்டும். முடிந்தவரை பகல் வெளிச்சத்தில் போய்ச் சேரும்படி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நள்ளிரவில் இறங்கும் மலிவுச் சீட்டு டாக்ஸியிலும், பாதி இரவுக்குக் கொடுக்கும் முழு வாடகையிலும் அந்த மலிவைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

கிளம்புவதற்கு முன் நகரத்தின் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸில் அப்படிச் செய்தால் இணையம் இன்றியே நாம் நிற்கும் இடம் தெரியும், ஆனால் இணையம் இல்லாதபோது அது கார் வழியை மட்டுமே காட்டும், நடைவழியையும் பேருந்து வழியையும் காட்டாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை வைத்து இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் இணையம் இன்றியும் நடைவழியைச் சொல்லும் என்பதால் இரண்டையும் வைத்திருப்பது நல்லது. தங்குமிடத்தின் முகவரியை அந்த நாட்டின் எழுத்திலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போன் அணைந்துபோன இரவில் அந்தத் தாள்தான் பேசும்.

பணம் எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியில் கவனம் வேண்டும். ஏடிஎம்மோ கடையின் கார்டு கருவியோ, தொகையை உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா, உள்ளூர்ப் பணத்தில் கழிக்கட்டுமா என்று திரையில் கேட்கும். சொந்த நாட்டுப் பணம் பழக்கமானது என்பதால் கை அதை நோக்கியே போகும். அதைத் தொட்டால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் நிறுவனம் தன் லாபத்தையும் சேர்த்து வைக்கும். எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் நிலைக்கட்டணம் இருந்தால், சிறுகச் சிறுக எடுப்பதைவிட ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் எடுப்பது லாபம். விமான நிலையத்துப் பணமாற்றுக் கடையில், நகரத்துக்குப் போய்ச் சேரத் தேவையானதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

படுக்கை கிடைத்ததும் பையை அதன்மேல் வைக்காதீர்கள். போன் விளக்கைப் போட்டு, விரிப்பை ஒரு மூலையில் தூக்கி, மெத்தையின் தையல் ஓரத்தையும் கட்டில் சட்டங்கள் சேரும் இடுக்குகளையும் பாருங்கள். பேனா மையால் புள்ளி வைத்ததுபோல் கரும்பழுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று பொருள். அதைப் படமெடுத்துக் காட்டி வேறு அறை கேளுங்கள். கடித்த பிறகுதான் தெரிந்தது என்றால், உடைகள் எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, அதிக வெப்பத்தில் உலர்த்திய பிறகே பைக்குள் வைக்க வேண்டும்.

முதல் நாள் மாலையில் எந்தப் புகழ்பெற்ற இடத்துக்கும் போக வேண்டியதில்லை. தங்குமிடத்தைச் சுற்றிப் பத்து நிமிட நடைத் தூரத்துக்குள் சூப்பர்மார்க்கெட், மருந்துக்கடை, சலவைக்கடை, பேருந்து நிறுத்தம், தண்ணீர் பிடிக்கும் இடம் ஆகியவற்றைக் கண்டுபிடித்து வரைபடத்தில் குறித்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று வரவேற்பு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள். குடிக்கலாம் என்றால் புட்டித் தண்ணீர்ச் செலவு அன்றோடு முடிந்தது. ரோம் நகரத் தெருக்களில் நாள் முழுக்க நல்ல தண்ணீர் வழியும் குழாய்கள் 2,000-க்கும் மேல் இருக்கின்றன.

படி 6: ஒரு நாளை நடத்துதல்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. நகரத்துக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. அதே பொருள் அந்தக் கடிகாரத்தின் வெவ்வேறு மணிகளில் வெவ்வேறு விலைக்குக் கிடைக்கிறது. சிக்கனம் என்பது பெரும்பாலும் அந்த மணிகளை அறிந்து நாளை அடுக்குவதுதான்.

சாப்பாட்டிலிருந்து தொடங்கலாம். காலை உணவை ஹாஸ்டலில் முடித்துக்கொள்ளுங்கள். வெளியே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் மதியமே ஏற்ற வேளை, ஏனெனில் பல நகரங்களில் வேலைக்குப் போகிறவர்களுக்காக மதிய நேரத்தில் ஒரே விலையில் முழுச் சாப்பாடு போடுகிறார்கள். அதே உணவகத்தில் இரவு உட்கார்ந்தால் ஏறக்குறைய இரு மடங்கு ஆகலாம். அலுவலகங்கள் இருக்கும் தெருக்களில் சாப்பிடுங்கள், நினைவுச்சின்னம் தெரியும் தெருக்களில் சாப்பிடாதீர்கள். இரவுச் சாப்பாட்டை நீங்களே சமைக்கலாம். அன்றே விற்றாக வேண்டிய பொருட்களைக் கடை அடைக்கும் முன் விலை குறைத்து வைக்கும் சூப்பர்மார்க்கெட்டுகள் உலகெங்கும் உண்டு. அந்த வேளையை மூன்று நாட்களில் கண்டுபிடித்துவிடலாம்.

ஹாஸ்டல் சமையலறைக்கு ஒரு தனி ஒழுங்கு இருக்கிறது. குளிர்பெட்டியில் வைக்கும் பையில் உங்கள் பெயரையும் கிளம்பும் தேதியையும் எழுத வேண்டும். தேதி தாண்டியதும் அது பொதுச்சொத்தாகிவிடும், அல்லது குப்பைக்குப் போய்விடும். முன்னே தங்கிப் போனவர்கள் விட்டுச்சென்ற உப்பு, எண்ணெய், அரிசி, தேயிலை போன்றவை இலவச அடுக்கில் இருக்கும். கடைக்குப் போகும் முன் அந்த அடுக்கைப் பார்த்துவிட்டுப் போங்கள். பாதி மசாலாவை வாங்கத் தேவையிருக்காது. எட்டு மணிக்கு எல்லாரும் ஒரே அடுப்பைச் சுற்றி நிற்பார்கள், ஆறரைக்குப் போனால் அடுப்பும் கிடைக்கும், பேசுவதற்கு ஆளும் கிடைக்கும். அடுத்த ஊரைப் பற்றி எனக்குக் கிடைத்த நம்பகமான செய்திகளில் பெரும்பாலானவை, அந்த ஊரிலிருந்து அன்று காலையில் வந்திறங்கியவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னவை.

பார்க்கும் இடங்களைத் தரவரிசைப்படி அல்லாமல் பேட்டைவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் எல்லாவற்றையும் குறித்தபின் அவை தாமாகவே நான்கைந்து கொத்துகளாகச் சேர்ந்திருப்பது தெரியும். ஒரு கொத்துக்கு ஒரு நாள். காலையில் வண்டியில் போய், பகல் முழுவதும் நடந்து, மாலையில் வண்டியில் திரும்பினால் இரண்டே சீட்டு. அதன்பின் ஒவ்வொரு கொத்திலும் இலவச வேளை எது, விடுமுறை நாள் எது என்று பாருங்கள். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் நிலையான சேகரிப்புகளுக்கும், வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கும் எந்த நாளும் கட்டணமில்லை. மாட்ரிட்டின் பிராடோவில் ஒவ்வொரு நாளும் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம். வாட்டிகன் அருங்காட்சியகங்களில் மாதத்தின் கடைசி ஞாயிறு காலை இலவசம் என்றாலும் வரிசை மிக நீளமானது. காலை முழுவதையும் அதற்கே கொடுக்கத் தயாராக இருந்தால் மட்டும் போங்கள். பல அருங்காட்சியகங்கள் திங்களன்று மூடியிருக்கும், பாரிஸின் லூவரோ செவ்வாயன்று மூடியிருக்கும். இந்த நாட்களைக் கவனிக்காமல் போட்ட திட்டத்தால் ஓர் ஊரின் முக்கியமான இடத்தையே தவறவிட்டுத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போக்குவரத்தில் நாள்சீட்டு என்ற பெயரைக் கேட்டதும் வாங்கிவிடாதீர்கள். ஒற்றைச் சீட்டின் விலையால் நாள்சீட்டின் விலையை வகுத்துப் பாருங்கள். மூன்றரை என்று வந்தால், நான்கு முறை ஏறும் நாளில் மட்டுமே அது லாபம். வாரச்சீட்டு திங்கள் தொடங்கி ஞாயிறு முடியும் வகையா, வாங்கிய நாளிலிருந்து ஏழு நாட்களா என்பதையும் கேளுங்கள். லண்டனில் வங்கிக் கார்டைத் தட்டிப் பயணம் செய்தால், ஒரு நாளுக்கான கட்டண வரம்பைத் தாண்டிய பயணங்களுக்குத் தானாகவே பணம் கழியாது. ஆனால் காலையில் கார்டையும் மாலையில் அதே கார்டு இருக்கும் போனையும் தட்டினால் இரண்டும் வெவ்வேறு கணக்காகி வரம்பு எட்டாமலே போய்விடும். லக்சம்பர்க் நாட்டில் 2020 பிப்ரவரி 29 முதல் பேருந்து, டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாமே அனைவருக்கும் இலவசம்.

சீட்டு வாங்குவது மட்டும் போதாத ஊர்களும் இருக்கின்றன. தடுப்புக் கதவுகள் இல்லாத ஒரு நகரத்தில் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக டிராமில் உட்கார்ந்திருந்தேன். நடத்துநர் சீருடை அணியாத ஒருவர் அட்டையைக் காட்டிச் சீட்டைக் கேட்டார், எடுத்து நீட்டினேன். அதில் நேர முத்திரை இல்லை என்று விளிம்பைச் சுட்டிக் காட்டினார். ஏறும் இடத்தில் இருந்த சிறு மஞ்சள் பெட்டிக்குள் அதை நுழைத்திருக்க வேண்டும். அன்று கட்டிய அபராதம் மூன்று இரவுப் படுக்கைக்குச் சமம். அதன்பின் புது ஊரில் முதல் முறை வண்டி ஏறும்போது, எனக்கு முன்னால் ஏறுபவர் சீட்டை என்ன செய்கிறார் என்று கவனிக்காமல் நான் உட்காருவதே இல்லை.

ஐந்து நாட்களுக்கு ஒரு நாளைச் சும்மா விடுங்கள். அன்று துணி துவைத்து, கணக்கைச் சரிபார்த்து, வீட்டுக்குப் பேசி, பூங்காவில் உட்கார்ந்திருக்கலாம். களைத்த உடம்புதான் டாக்ஸியைக் கூப்பிடுகிறது, கண்ணில் பட்ட முதல் உணவகத்தில் நுழைகிறது. ஓய்வு நாள் வைத்துக்கொண்டவரின் மாதக் கணக்கு, தினமும் ஓடியவரின் கணக்கைவிடக் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பத்துப் பேர் தூங்கும் அறையில் வாழ்வதற்கும் பழக்கம் வேண்டும். விடியற்காலையில் கிளம்புபவர் முந்தைய இரவே பையைக் கட்டி, உடுத்த வேண்டியதை மேலே வைத்து, அலாரத்தை அதிர்வில் போட்டுத் தலையணைக்கடியில் வைக்க வேண்டும். ஐந்து மணிக்குப் பிளாஸ்டிக் பைகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடும் ஒருவர் பத்துப் பேரின் உறக்கத்தையும் கலைத்துவிடுகிறார். பொருட்களைத் துணிப்பைகளில் பிரித்து வைத்தால் அந்தச் சரசரப்பே இருக்காது. போன் பேச அறைக்கு வெளியே போங்கள்.

படி 7: பணமும் உடம்பும் பாதுகாப்பாக இருக்க

இரண்டு கார்டுகளை, இரு வேறு வங்கிகளுடையவையாக, இரு வேறு இடங்களில் வையுங்கள். ஒன்று உடம்போடு, மற்றொன்று பூட்டிய லாக்கரில். பாஸ்போர்ட், விசா, காப்பீடு ஆகியவற்றின் படங்களை மின்னஞ்சலில் போட்டு வைப்பதோடு, ஒரு தாள் நகலும் வைத்திருங்கள். வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல் பழைய சிம்முக்குத்தான் வரும் என்பதை மறந்து, புது சிம்மைப் போட்டுவிட்டுப் பணம் செலுத்த முடியாமல் தவிப்பவர்கள் அநேகர். இ-சிம் (அட்டை செருகாமல் போனிலேயே பதிந்துகொள்ளும் சிம்) வசதியுள்ள போனில் பழைய சிம் அப்படியே இருக்க, இணையத்துக்கு மட்டும் புதியதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அவசர எண் 112. மற்ற நாடுகளின் எண்களைப் போய் இறங்கும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணையும் அதோடு எழுதி வையுங்கள், ஏனெனில் மருத்துவமனையில் சேரும் முன் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் கேட்கின்றன. பொருள் களவு போனால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வ அறிக்கை வாங்காமல் இழப்பீடு கிடைப்பது அரிது.

படி 8: அடுத்த ஊரும் கிளம்பும் நாளும்

ஓர் ஊரில் நீண்ட நாள் தங்கும்போது சுற்றியுள்ள சிற்றூர்களைப் பையில்லாமல் போய்ப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். படுக்கை மாறுவதில்லை, குளிர்பெட்டியில் இருக்கும் பொருளும் வீணாவதில்லை. ஒன்றரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடக்கூடிய ஊர் என்றால் அங்கே தனியாகத் தங்க வேண்டியதே இல்லை என்பது நான் கடைப்பிடிக்கும் எல்லை.

அடுத்த நகரத்துக்கு இரவுப் பேருந்திலோ இரவு ரயிலிலோ போனால் ஓர் இரவின் வாடகை மிச்சம் என்று சொல்வார்கள். படுக்கை வசதியுள்ள ரயிலுக்கு இது ஓரளவு உண்மை. நிமிர்ந்தே உட்கார்ந்து போகும் பேருந்தில், காலை ஆறு மணிக்கு இறங்கி, பிற்பகல் செக்-இன் வரை கண்ணெரிச்சலுடன் அலையும் நாளையும் செலவில் சேர்த்துப் பாருங்கள். மாதத்தில் ஒன்றிரண்டு முறைக்கு மேல் நான் அதைச் செய்வதில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே நாணயங்களைச் செலவழிக்கத் தொடங்குங்கள், பணமாற்றுக் கடைகள் பெரும்பாலும் நாணயங்களை வாங்குவதில்லை. பயணக் கார்டுக்கு முன்பணம் கட்டியிருந்தால் அதை எங்கே திருப்பிக் கொடுப்பது என்று கேட்டு வையுங்கள், சில ஊர்களில் குறிப்பிட்ட நிலையங்களில் மட்டுமே வாங்குவார்கள். மீந்த உப்பையும் எண்ணெயையும் இலவச அடுக்கில் வைத்துவிடுங்கள். செக்-அவுட் காலையிலும் வண்டி இரவிலும் இருந்தால், பையை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டுப் போகலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கடைசியாக அறையை விட்டு வெளியேறும்போது தலையணையைத் தூக்கி, சுவரோரத்து இடுக்கில் கைவிட்டு, கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் மின்செருகியைப் பாருங்கள். சார்ஜர் பெரும்பாலும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கும்.